பாங்காக்கில் அம்மாவோடு பஸ், போட், ரயிலில் சுற்ற முடியுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி
2024 செப்டம்பர் 8

ஜனவரி கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாங்காக் போகிறேன், ஆறு நாள். அம்மாவுக்கு 64 வயது. முழங்கால் வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார். கேட்கிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: "பேசாமல் கார் புக் பண்ணிக்கோ, அந்த ஊர் பஸ், போட்டெல்லாம் நமக்குச் சரிப்படாது, பாஷையும் தெரியாது." உண்மைதானா? அம்மாவுக்கு ஒரே ஆசை, அங்கே இருக்கிற மாரியம்மன் கோயிலைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 8, இரவு, என் பதில்

நேர் எதிர். அந்த ஊரில் கார்தான் சரிப்படாது.

2016 முதல் 2019 வரை திருப்பூர் கம்பெனி ஒன்றுக்காக அங்கே இருந்தேன். பிரதுநாம் துணிச் சந்தைக்குப் பக்கத்தில் அறை. அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் வருகிறேன். முதல் மாதம் நானும் டாக்ஸிதான். மாலை ஐந்து மணிக்கு ஏறி மூன்று கிலோமீட்டர் போக ஒன்றரை மணி நேரம் ஆனது. பக்கத்திலேயே வாய்க்காலில் ஒரு படகு விர்ரென்று போனது. அதில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்தே முடித்திருப்பார்கள்.

ஏன் இப்படி என்றால், பாங்காக்கில் பெரிய ரோடு குறைவு. ஒவ்வொரு பெரிய ரோட்டிலிருந்தும் மீன் முள் மாதிரி நீளமான சந்துகள் பிரியும். சந்துக்கு அங்கே 'ஸோய்' என்று பெயர். பாதி ஸோய்களுக்கு மறுபக்கம் வழியே கிடையாது. உள்ளே இருக்கிற அத்தனை வண்டியும் அந்த ஒரு வாயில் வழியாகப் பெரிய ரோட்டுக்கு வந்தாக வேண்டும். மழை, வெள்ளிக்கிழமை, மாசக் கடைசி, மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கு ரோட்டில் இறங்காதீர்கள்.

ரயிலும் தண்ணீரும் எங்கே போகிறதோ அங்கே ரூம் போடுங்கள். மிச்சம் இருக்கிற கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் ரோடு. ஒரே கார்டு வாங்கி எல்லா ரயிலிலும் போகலாம்.

செப்டம்பர் 9

நேற்று கடைசி வரியில் தப்பாகச் சொல்லிவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வதுதான் சரி. ஒரே கார்டு கிடையாது.

மேலே தூணில் ஓடுவது பிடிஎஸ். 1999 டிசம்பர் 5-ல் தொடங்கியது. அதற்கு ராபிட் கார்டு. பூமிக்கடியில் ஓடும் எம்ஆர்டி 2004 ஜூலையில் வந்தது. ராபிட் கார்டு அதில் செல்லாது. எம்ஆர்டி நீல வழித்தடத்தில் தட்டிப் போகும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே கேட்டில் வைத்து உள்ளே போகலாம். நம்மூர் அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிக் கட்டும் வசதியையும் கிளம்பும் முன்பே வங்கியில் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் கவுன்டரில் கறுப்பு பிளாஸ்டிக் வில்லை ஒன்று தருவார்கள். போகும்போது தட்டி, இறங்கும்போது துளையில் போட்டுவிட வேண்டும்.

இரண்டும் தனித்தனி நிர்வாகம். அதனால் ஒரே இடத்தில் இருக்கும் ஸ்டேஷனுக்கே இரண்டு பெயர். மேலே 'அசோக்', கீழே 'சுகும்வித்'. மேலே 'ஸாலா தேங்', கீழே 'ஸீலோம்'. மேலே 'மோ சிட்', கீழே 'சதுசக் பார்க்'. இது தெரியாமல் நான் ஒரு ஸ்டேஷன் வெளியில் நின்று அதே ஸ்டேஷனுக்கு வழி கேட்டிருக்கிறேன். மோ சிட் ரயில் நிலையமும் மோ சிட் பஸ் நிலையமும் ஒன்றல்ல, நடக்கிற தூரமும் அல்ல. வெளியூர் பஸ் பிடிக்கப் போகிறவர்கள் கவனம்.

செப்டம்பர் 11

விமான நிலையம் எது என்று டிக்கெட்டைப் பார்த்தீர்களா தம்பி? அங்கே இரண்டு இருக்கிறது. சென்னையிலிருந்து மலிவு டிக்கெட் என்றால் டான் முயாங்காக இருக்கலாம். அங்கிருந்து சிவப்பு வழித்தட ரயில் உண்டு. மோ சிட் வரை ஏ1 என்ற பஸ்ஸும் உண்டு, 30 பாட் (பாட் என்பது அந்த ஊர்க் காசு). சுவர்ணபூமி என்றால் 2010-ல் தொடங்கிய ஏர்போர்ட் ரயில். பயா தாய் வரை எட்டு ஸ்டேஷன், 45 பாட், அரை மணி நேரம். பயா தாயில் பிடிஎஸ் மாறலாம்.

ரூம் ராட்சதேவி ஸ்டேஷன் பக்கம் பாருங்கள். பயா தாய்க்கு அடுத்த ஸ்டேஷன்தான். கொஞ்சம் நடந்தால் ஹுவா சாங் படகுத்துறை. மறுபக்கம் ஒரே ஸ்டேஷனில் ஸியாம். கோயிலுக்குப் போக ஸியாமில் இறங்கி மாற வேண்டும். ராட்சதேவியிலிருந்து வருகிறவர்களுக்கு ஸீலோம் தடத்து ரயில் அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் வரும். ஒரு படி ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் இந்த இடத்தைச் சொல்கிறேன்.

செப்டம்பர் 14

படகு பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஊரில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது அதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டு வகை. ஒன்று சாவ் பிரயா ஆற்றில். இன்னொன்று ஸேன் ஸேப் வாய்க்காலில். ஸேன் ஸேப்பை 1837-லிருந்து 1840 வரை, மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் வெட்டினார்கள். அன்னாமோடு, அதாவது இன்றைய வியட்நாம் பக்கத்தோடு, சண்டை நடந்த காலம். படையும் தளவாடமும் கிழக்கே போவதற்காக வெட்டிய வாய்க்கால். இன்றைக்கு அதில் ஆபீஸ் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள்.

நான் தினமும் பிரதுநாமிலிருந்து போபே சந்தைக்கு இதில்தான் போவேன். போபே மொத்தத் துணி வியாபாரச் சந்தை, வாய்க்காலிலேயே துறை இருக்கிறது. படகு துறையில் பத்து வினாடி நின்றால் அதிகம். ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் கால் வைத்து, உள்ளே குதிக்கிற மாதிரி இறங்க வேண்டும். டிக்கெட் கொடுப்பவர் உள்ளே வரமாட்டார். தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளி விளிம்பில் நடந்துகொண்டே காசு வாங்குவார். பாலம் வரும்போது குனிவார். தாழ்வான பாலங்களில் படகின் கூரையே கீழே இறங்கி, தாண்டியதும் மேலே எழும். எதிர்ப்படகு வந்தால் தண்ணீர் தெறிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் படுதாவைத் தூக்க வேண்டும். யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த வரிசைக்கே நீங்கள்தான் பொறுப்பு. முதல் நாள் நான் இழுக்காமல் இருந்து பக்கத்தில் ஒரு பாட்டியம்மாவின் சட்டை நனைந்துவிட்டது. அவர் திட்டவில்லை. என் கையை எடுத்துக் கயிற்றில் வைத்தார்.

பிரதுநாமில் படகு மாற வேண்டும். அது மேற்குப் படகு, கிழக்குப் படகு சந்திக்கும் இடம். டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மேற்குக் கோடி பான்ஃபா, பொன்மலைக் கோயில் அடிவாரம்.

ஆற்றுப் படகு இதைவிடப் பெரியது, நிதானமானது. ஸபான் தாக்ஸின் ஸ்டேஷனில் இறங்கினால் கீழே ஸாத்தோர்ன் துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். நீலக் கொடி சுற்றுலாப் படகு, விலை அதிகம். அதை விற்பவர்கள்தான் சத்தமாகக் கூப்பிடுவார்கள். ஊர்க்காரர்கள் நிற்கிற வரிசையில் போய் நில்லுங்கள். படகின் பின்முனையில் விசில் ஊதுகிற பையனைக் கவனியுங்கள். ஓட்டுநருக்குப் பின்பக்கம் தெரியாது. விசிலின் நீட்டமும் குறுக்கமும்தான் அவருக்குக் கண். இன்னும் கொஞ்சம் பின்னால், நிறுத்து, கிளம்பு, எல்லாமே விசிலில்.

செப்டம்பர் 15

நேற்று எழுதியதை இரவு மறுபடி படித்தேன். அந்த வாய்க்கால் படகை முழங்கால் வலி இருக்கும் 64 வயது அம்மாவுக்கு எப்படிச் சொல்கிறேன்? நான் ஏறியபோது எனக்கு 33 வயது.

திருத்திக்கொள்கிறேன். ஸேன் ஸேப் அம்மாவுக்கு வேண்டாம். ஆட்டம், விளிம்பில் கால் வைக்கிற உயரம், பத்து வினாடி, மூன்றுமே ஒத்துவராது. தம்பி, நீங்கள் மட்டும் ஒரு காலையில் போய் வாருங்கள்.

ஆற்றுப் படகு சரிப்படும். காலை ஒன்பதரைக்குப் பிறகு, மாலை நான்குக்கு முன்னால். மிதவைத் துறை ஆடும், படகுக்கும் மிதவைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். விசில் நின்று படகு கட்டிய பிறகே அம்மா கால் எடுத்து வைக்கட்டும். நீங்கள் முன்னால் ஏறித் திரும்பிக் கை கொடுங்கள். பின்னால் நின்று தள்ளக் கூடாது. படகுப் பையனே அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஏற்றுவான், கூச்சப்பட வேண்டாம். உள்ளே துறவிகள் நிற்க, உட்கார ஒதுக்கிய இடம் உண்டு. அம்மா அங்கே போய் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 22

பஸ். எழுத மறந்தே போனேன் என்று ஒரு சகோதரி கோபித்துக்கொண்டார்.

சிவப்பு பஸ், ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும், 8 பாட். கண்டக்டர் பெரும்பாலும் பெண்கள். கையில் நீளமான தகர உருளை, அதற்குள் சில்லறையும் டிக்கெட் சுருளும். அதைத் தட்டிக்கொண்டே வருவார்கள், சடக் சடக் என்று. அந்தச் சத்தம் கேட்டால் காசை எடுத்துவிட வேண்டும். நிறுத்தத்தில் சும்மா நின்றால் பஸ் நிற்காது, கையை நீட்ட வேண்டும்.

வழித்தட எண்களை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஊரை நான்கு வட்டாரமாகப் பிரித்து, முதலில் வட்டார எண், நடுவில் ஒரு கோடு, பிறகு வழித்தட எண். ஊர்க்காரர்கள் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள். அதனால் எண்ணைக் கேட்காதீர்கள், இடத்தைக் கேளுங்கள். "பை ஸீலோம் மை?" என்றால் ஸீலோம் போகுமா என்று அர்த்தம். முடிவில் ஆண்கள் 'க்ராப்', பெண்கள் 'கா' சேர்க்க வேண்டும், அது மரியாதை. அம்மா 'கா' என்றால் கண்டக்டர் முகம் மலர்ந்துவிடும், பாருங்கள்.

ஸோங்தெயாவ் என்று ஒன்றும் உண்டு. பிக்கப் வண்டியின் பின்னால் இரண்டு வரிசை பலகை. பெயரின் அர்த்தமே இரண்டு வரிசைதான். ஸோய்க்குள் போக வர.

அக்டோபர் 2

ஆரஞ்சு மேல்சட்டைக்காரர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். மோட்டார்சைக்கிள் டாக்ஸி. ஸோய் வாயிலில் வரிசையாக நிற்பார்கள், அந்த இடத்துக்கு 'வின்' என்று பெயர். சட்டையில் எண் இருக்கும். முதல் நாள் எழுதினேனே, மீன் முள் ஸோய்கள், இவர்கள் இருப்பதே அதனால்தான். ஒரு கிலோமீட்டர் நீளச் சந்துக்குள் பஸ் வராது, வெயிலில் நடக்கவும் முடியாது.

என் வலது கெண்டைக்காலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. வலது பக்கமாக இறங்கினேன், சைலன்சர் சுட்டுவிட்டது. எப்போதும் இடது பக்கம் ஏறி இடது பக்கமே இறங்குங்கள். ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் அடுத்த வண்டி. அம்மாவை இதில் ஏற்றவே கூடாது. அவருக்காக அந்த கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மீட்டர் டாக்ஸி. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். கண்ணாடியை இறக்கி இடம் கேட்டுவிட்டுத் தலையாட்டிப் போய்விடுவார்கள், அதுவும் மதியம் மூன்று நான்கு மணிக்கு. அது வண்டியைத் திருப்பி ஒப்படைக்கிற நேரம். மூன்றாவது வண்டி வரும், காத்திருங்கள்.

சுகும்வித் ரோட்டில் ஒரு குழப்பம். ஒற்றைப்படை ஸோய்கள் வடக்கில், இரட்டைப்படை தெற்கில். ஆனால் எதிரெதிர் எண்கள் அடுத்தடுத்து வராது. 39-க்கு எதிரே 24. 55-க்கு எதிரே 38. 55 வந்தால் எதிரே 56 இருக்கும் என்று ரோட்டைக் கடக்காதீர்கள்.

அக்டோபர் 12, விஜயதசமி

இன்றைக்கு யாராவது ஸீலோம் பக்கம் இருந்தால், பஸ்ஸில் ஏறாதீர்கள். கோயில் ஊர்வலத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள், ரயில்தான்.

கோயில் 1879-ஐ ஒட்டி அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. ஸீலோம் ரோடும் பான் ரோடும் சேரும் முனை. கோபுரம் நம்மூர்க் கோபுரமேதான். ஆனால் வாசலில் செவ்வந்தி மாலையும் தேங்காயும் வாங்கி நிற்பவர்களில் முக்கால்வாசி தாய்லாந்துக்காரர்கள். முதல் நவராத்திரிக்குப் போனபோது ஊர்வலப் பாதை முழுக்க அவர்கள் ரோட்டோரம் பூவும் பழமும் வைத்து அம்மன் படம் அலங்கரித்து மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். வீட்டை விட்டு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது எனக்கு. தவில் சத்தம் கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

டாக்ஸியில் 'மாரியம்மன்' என்றால் புரியாது. 'வாட் கேக், ஸீலோம்' என்று சொல்லுங்கள். 'கேக்' என்றால் விருந்தாளி. நம் பக்கத்து ஆட்களையும் அப்படித்தான் சொல்வார்கள். ரயிலில் என்றால் ஸுரஸாக் ஸ்டேஷன், பிறகு பான் ரோடு வழியாக நேராக நடந்தால் கோயில். பத்து நிமிடம், அம்மா நடைக்குப் பதினைந்து. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது.

அக்டோபர் 20

பாஷை தெரியாது என்ற பயத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நம் காதுக்குப் பாதி தெரிந்த பாஷைதான். பழகும் வரை கேட்காது, அவ்வளவுதான்.

ரயிலில் "ஸதானீ தோ பை" என்று அறிவிப்பு வரும். ஸதானீ என்பது ஸ்தானம். மூன்றும் சேர்ந்தால் அடுத்த நிலையம் என்று அர்த்தம். ஸுவன்னபூம் என்பது சுவர்ணபூமி. ராட்சதேவி, ராஜதேவி. ராட்சதாபிஸேக், ரஜதாபிஷேகம், ரஜதம் என்றால் வெள்ளி. நகொன், நகரம். போர் நினைவுச்சின்ன ஸ்டேஷனின் தாய்ப் பெயரில் 'சாய் ஸமொரபூம்' என்று வரும், ஜய சமரபூமி. சமர் நமக்கும் தெரிந்த சொல். எழுத்தில் வடசொல்லை அப்படியே வைத்துவிட்டு, வாயில் கடைசி எழுத்தை விழுங்குவார்கள். கடைசி ர, ல எல்லாம் ன ஆகிவிடும்.

தமிழும் உண்டு. வாட் ஸுதாட் முன்னால் சிவப்பாக ஒரு மாபெரும் ஊஞ்சல் கம்பம் நிற்கிறது. முதன்முதலில் நட்டது 1784-ல். ஊஞ்சலாடும் சடங்கு 1935-ல் நின்றுபோனது. ஆனால் அதோடு சேர்ந்த விழாவின் பெயர் 'த்ரியம்பவாய்', நம் திருவெம்பாவை. அரண்மனைப் பிராமணர்கள் மார்கழிப் பாட்டை அர்த்தம் மறந்த பிறகும் ஓதி வந்தார்கள். எம்ஆர்டியில் ஸாம் யோட் இறங்கி நடக்கலாம். அதே ஸ்டேஷன்தான் பஹுரத் என்கிற இந்தியர் கடைவீதிக்கும். அம்மா புடவைக் கடையைப் பார்த்தால் அன்றைய திட்டம் அங்கேயே முடிந்தது.

அக்டோபர் 21

அசோக் ஸ்டேஷன் அசோகச் சக்கரவர்த்தி பெயரா என்று கேட்டவருக்கு: இல்லை. அசோக் மொன்த்ரி என்பது ஓர் அதிகாரியின் பட்டப்பெயர், அசோக மந்திரி. அவர் பெயரில் ரோடு, ரோட்டின் பெயரில் ஸ்டேஷன். ராட்சதேவியும் ஓர் அரசியின் பட்டத்திலிருந்து வந்தது.

நவம்பர் 17

அரண்மனை வாசல் பக்கம் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து "இன்றைக்கு மூடியிருக்கிறது" என்று சொல்லி, துக்துக் என்கிற மூன்று சக்கர ஆட்டோவில் இருபது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். கடைசியில் ரத்தினக் கடையில்தான் இறக்குவார்கள். வாசல் வரை போய் நீங்களே பாருங்கள். துக்துக் தப்பில்லை. நீங்களாகக் கூப்பிட்டு, விலை பேசி, ஒரு தடவை ஆசைக்கு ஏறுங்கள்.

2025 ஜனவரி 4

இன்னொன்று. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ஸ்டேஷனில் தேசிய கீதம் ஒலிக்கும். ஓடிக்கொண்டிருப்பவர்கள்கூட அப்படியே நிற்பார்கள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நில்லுங்கள். ஒரு நிமிடம்தான்.

ஜனவரி 26

தம்பி அங்கிருந்து எழுதியிருக்கிறார். புகைமாசு மோசம். பள்ளிகள் பலவற்றை மூடிவிட்டார்கள். ஜனங்கள் காரை எடுக்காமல் இருக்கட்டும் என்று 25 முதல் 31 வரை ரயிலும் அரசு பஸ்ஸும் இலவசமாம். அவர் மகிழ்ச்சியாகச் சொல்கிறார், எனக்கு அம்மாவின் மூச்சைப் பற்றித்தான் கவலை. எட்டுபாட் பஸ் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கும். ஆற்றுப் படகையும் தள்ளிப்போடுங்கள், அல்லது ஒரு சின்னப் பயணத்தோடு நிறுத்துங்கள். என்95 முகக்கவசம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். ரயிலும் நடையும் மட்டும், நடையும் குறைவாக. ஐந்து மாதமாகத் தண்ணீர் தண்ணீர் என்று சொல்லிவிட்டு இப்போது வேண்டாம் என்கிறேன், வேறு வழியில்லை.

பிப்ரவரி 3

திரும்பி வந்துவிட்டார்கள். கோயிலுக்கு இரண்டு தடவை போனார்களாம். இரண்டு தடவையும் ரயில், ஸியாமில் எதிர்ப்பக்கம் மாறி. கடைசி நாள் காற்று கொஞ்சம் தெளிந்து, ஆரஞ்சுக் கொடிப் படகில் ஒரே ஒரு பயணம். விசில்காரப் பையன் முழங்கையைப் பிடித்து ஏற்றியிருக்கிறான், அம்மா அவன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணப் போக, தம்பி தடுத்துவிட்டார். அங்கே தலையைத் தொடக் கூடாது. நான் இதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. பையன் சிரித்துவிட்டுக் கும்பிட்டானாம்.

அம்மா ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். தினமும் ரயிலில் "ராஜதேவி, ராஜதேவி" என்று சொன்னார்களே, அந்தக் கோயிலுக்கு ஏன் நம்மைக் கூட்டிக்கொண்டு போகவில்லை?